அரிக்காத கடி

வண்டலூரில் தம்பி கார்த்தி பிடித்திருந்த வாடகை வீட்டுக்குள் நுழைந்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டேன். அழுகிய ரத்தமும் நனைந்த நாய் மயிரும் கலந்த வாடை. அவனிடம் நாயே கிடையாது.

"என்னடா இப்படி நாறுது?"

"எனக்கு ஒண்ணும் தெரியலையே அக்கா," என்று சிரித்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

அவன் சாப்பிடக் குனிந்தபோதுதான் காதுக்குப் பின்னால் பார்த்தேன். திராட்சை அளவுக்கு ஊதி, சாம்பல் நிறத்தில் ஓர் உண்ணி. கால்கள் மெல்ல அசைந்தன. வாயிலிருந்த சோற்றை அப்படியே துப்பிவிட்டேன்.

தாம்பரத்தில் டாக்டர் ரோஸி அதை இடுக்கியால் பிடுங்கினார். "இதோட எச்சில் முதல்ல தோலை மரத்துப்போக வெச்சுடும். அப்புறம் அந்த இடத்துல உடம்போட எதிர்ப்பையே அடக்கிடும். அரிக்காது, வீங்காது. அதான் இவருக்குத் தெரியலை. அந்த வீட்டுல இன்னும் இருக்கும், முதல்ல வீட்டை மாத்துங்க."

ஆனால் ஆடி மாசம். எங்கள் குடும்பத்தில் யாரும் ஆடியில் வீடு மாறியதில்லை. ஆவணி பிறந்ததும் அவனைக் கூட்டிப் போய்விடலாம், அதுவரை கூடவே இருந்து காப்பாற்றிக்கொள்ளலாம் என்று தங்கினேன்.

பக்கத்து வீட்டு சவுரிமுத்து வாசலைத் தாண்டி வரவே இல்லை.

"கிளியம்மான்னு ஒரு கெழவி இங்க இருந்துச்சும்மா. எந்நேரமும் வெத்தல வாயி. செத்து அழுகிக் கெடக்குது, அதே ரூம்ல படுத்துகினு கீற புள்ளைக்கு நாத்தமே தெர்ல. நாங்க தான் கதவ ஒடச்சோம். 'சத்தம் போடாதீங்க, அம்மா தூங்குது'ன்றான்."

மத்தியானம் கண்ணயர்ந்தேன்.

காதுக்குப் பின்னால் ஏதோ நக்கியது.

பல்லில்லாத வாய்.

திரும்பினேன். யாருமில்லை. தொட்ட விரலில் கொழகொழவென்று எச்சில். வெற்றிலை வாடை.

குழாயடியில் தோல் உரியத் தேய்த்தேன். அருவருப்பில் அழுகையே வந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு, "வாடா, இப்பவே போயிடலாம்," என்று அவனை இழுத்தேன்.

படுக்கையை விட்டு அவன் எழவில்லை. "ஆடி முடியட்டும்னு நீதானே அக்கா சொன்னே?"

அவனை விட்டுவிட்டு எப்படிப் போவேன்? இருந்தேன். மறுநாளும் நக்கியது. அதற்கு அடுத்த நாளும்.

பிறகு வீட்டில் வாடை குறைந்துவிட்டது. எனக்கும் நிம்மதியாகச் சாப்பிட முடிந்தது.

ஆவணி பிறந்ததும், நான் முன்பே சொல்லிவைத்திருந்தபடி சவுரிமுத்து ஆட்டோவோடு வந்தார். வாசலில் நின்று துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இன்னாம்மா, தெருமுனை வரைக்கும் நாறுதே! தம்பி எங்க?"

என்ன மனுஷனோ! எனக்கு ஒரு நாற்றமும் இல்லை. கார்த்தி பாவம், சில நாட்களாகவே அசந்து கிடக்கிறான்.

"மெதுவாப் பேசுங்கண்ணா," என்றேன். "தம்பி தூங்குறான்."

தலையைத் திருப்பியபோது என் காதுக்குப் பின்னால் மெத்தென்று ஏதோ அசைந்தது.

அரிக்கவில்லை.