மேனேஜருக்குப் பத்தியம்

"பட்டினி போட்டே கொன்னுடலாம்னு பார்க்கிறியா?"

மாமியாரின் குரல் சமையலறையைத் தாண்டி, வாசல் கதவையும் தாண்டி, தெருவில் போனவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. உப்பில்லாமல் குழைய வெந்த சோற்றை விரலால் மசித்துக்கொண்டிருந்த மருமகள் நிமிரவில்லை. நிமிர்ந்தால் ஏதாவது சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டால் அன்றைய பொழுது அத்தோடு போச்சு.

"டாக்டர் சொன்ன பத்தியம் அத்தை. கிட்னி ரெண்டும் கெட்டுப்போச்சு. உப்பு ஆகாது, கொழுப்பு ஆகாதுன்னு..."

"டாக்டர் சொல்லிட்டுப் போயிடுவாங்க. வாயில்லா ஜீவன் ஏங்கிப் போய்க் கிடக்குதே, அதைப் பார்த்து உனக்கு வயிறு எரியலையா? கல்நெஞ்சக்காரி!"

வாயில்லா ஜீவன் மாமியாரின் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தது. அந்த வீட்டு நாய்க்கு மேனேஜர் என்று பெயர். யார் வந்தாலும் வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்து, பையை மோந்து, திருப்திப்பட்ட பிறகுதான் உள்ளே விடுவான். மழையில் நடுங்கிய குட்டியாக அவனைத் தூக்கி வந்தவள் நாத்தனார். அந்தப் பெருமையை அவள் இன்றுவரை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. குளிப்பாட்டியதும், உண்ணி எடுத்ததும், அவன் அசிங்கம் செய்த இடத்தைக் கழுவியதும் அண்ணிதான். அதில் பெருமை ஒன்றும் இல்லை என்பதால் யாரும் பங்குக்கு வரவில்லை.

நோய் வந்த பிறகு ஊசியும் அவள் தலையிலேயே விழுந்தது. தினமும் தோள்பட்டைத் தோலைத் தூக்கி, ஊசி குத்தி, சலைன் ஏற்ற வேண்டும். தையல் மெஷினுக்கு மேலே ஜன்னல் கம்பியில் பாட்டிலை மாட்டிவிட்டு, அவனை மடியில் இறுக்கிக்கொண்டு உட்காருவாள். அவளுடைய கணவன் எலக்ட்ரீஷியன். கரண்ட் கம்பியில் கை வைக்கப் பயப்படாத அந்த மனிதன், ஊசியைக் கண்டதும் ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்தவனாக வெளியே நழுவிவிடுவான். மாமியார் காதைப் பொத்திக்கொள்வாள். நாத்தனார் கதவைச் சாத்திக்கொள்வாள். எல்லாம் முடிந்த பிறகு ஒவ்வொருவராக அவனுக்கு ஆறுதல் சொல்லப் போவார்கள்.

அவர்கள் பேசுவதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். இப்போதெல்லாம் அவளைக் கண்டாலே மேனேஜர் வாலை இடுக்கிக்கொண்டு ஓடினானே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வளர்ந்தவன்... இன்று அவள் கை நீட்டினால் உறுமுகிறான்.

அன்று காலை அவனால் எழுந்து நிற்கவே முடியவில்லை. பின்னங்கால் இரண்டும் மடங்கிச் சரிந்தன.

"குத்திக் குத்தியே அவனை இப்படி ஆக்கிட்டீங்களே அண்ணி!" என்று நாத்தனார் அலறினாள். "நீங்க என்ன நர்சா? தையல் மெஷினுன்னு நினைச்சுக்கிட்டுக் குத்துறீங்களா?"

மருமகள் தன் கணவனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை பேசமாட்டானா?

அவன் பேசினான். "எதுக்கு வீண் சண்டை? எல்லாரும் போய் டாக்டரையே கேட்டுடுவோம். இவ சரியாத்தான் செய்றாளான்னு தெரிஞ்சுடும்ல."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனால் மேனேஜரைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு முதலில் படியிறங்கியவளும் அவள்தான்.

ஆஸ்பத்திரியில் கால்நடை டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "போன தடவைக்கு ரொம்ப மோசமா இருக்கே. ரத்தத்துல கழிவு இவ்வளவு சீக்கிரம் ஏறக் கூடாதே! பத்தியம் ஒழுங்கா நடக்குதா?"

"எல்லாம் இவங்க பொறுப்புதான். இவங்களையே கேளுங்க" என்றாள் நாத்தனார், சட்டென்று.

பதில் சொல்ல மருமகள் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் உடம்பைக் குலுக்கி மேஜை மேலேயே வாந்தியெடுத்தான். டாக்டரம்மா கையுறையோடு அதைக் கிளறிப் பார்த்தார்.

"வறுத்த கோழித் தோல். இது சீஸ். இது... உப்பு பிஸ்கட். ஏம்மா, இதுதான் உங்க ஊர்ல பத்தியமா?"

மாமியார் சுவரைப் பார்த்தாள்.

"பாவமேன்னு... தோலை மட்டும்தான் கொடுத்தேன். தினமும் ஒரே ஒரு துண்டு" என்று முனகினாள்.

எலக்ட்ரீஷியன் திருதிருவென விழித்தான். "அம்மா, நீயுமா? நான் பிஸ்கட் கொடுத்தேன். ஊசி போட்ட வலிக்கு... ஒண்ணு ரெண்டு தின்னா என்ன ஆயிடப் போகுதுன்னு..."

நாத்தனார் மேஜையில் கிடந்த சீஸையே பார்த்தாள். "நான் ஒருத்திதான் கொடுக்கிறேன்னு நினைச்சேனே..."

அந்த வீட்டில் பாசம் என்றால் தன் தட்டிலிருந்து எடுத்து ஊட்டுவதுதான். மூன்று பேரும் ஒருவருக்கு ஒருவர் தெரியாமல், காதும் காதும் வைத்த மாதிரி, பாசத்தை ஊட்டியே அவனை இந்த மேஜைவரை கொண்டுவந்திருந்தார்கள். கெட்ட பெயர் மட்டும் ஊசி போட்டவளுக்கு.

"அட்மிட் பண்ணலாம்" என்றார் டாக்டரம்மா. "கூண்டுல வச்சு, குழாய் போட்டுப் பார்க்கலாம். கொஞ்ச நாள் கூடக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். பிழைச்சு எழுந்து ஓடுவான்னு நான் சொல்லமாட்டேன். இல்லேன்னா, வலி தெரியாம தூங்க வச்சிடலாம். நீங்கதான் சொல்லணும்."

"அட்மிட் பண்ணுங்க டாக்டர்! என்ன வேணாலும் பண்ணுங்க!" என்று நாத்தனார் கதறினாள். "ஆமா, எதையும் விடக் கூடாது" என்றான் அவள் அண்ணன்.

"போதும்!"

அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று மருமகளுக்கே திகைப்பாக இருந்தது.

"போதும் நிறுத்துங்க! உங்க மனசு ஆறணும்னு அவன் கூண்டுக்குள்ள குழாயோட கிடக்கணுமா? கொடுக்கும்போது உங்களுக்கு நல்லா இருந்துச்சு. வாலை ஆட்டினான், கையை நக்கினான். நான் மட்டும் ராட்சசி! அவன் என்னைப் பார்த்து ஓடினானே, அப்ப எனக்கு எப்படி இருந்திருக்கும்னு ஒருத்தராவது நினைச்சீங்களா? ஏங்க, நீங்க நினைச்சீங்களா? இவ சரியாத்தான் செய்றாளான்னு கேக்கத்தானே வந்தீங்க... கேளுங்க, இப்பக் கேளுங்க!"

எலக்ட்ரீஷியன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் மேனேஜரைப் பார்த்தாள். விலா எலும்புகள் ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி இறங்கின. கண்களில் வெறும் களைப்பு. இனி ஒரு ஊசிகூட அவன் வாழ்வதற்காக இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவு நாளும் அவள் விழுங்கிய அழுகை அப்போதுதான் பொத்துக்கொண்டு வந்தது.

"தூங்க வச்சிடுங்க டாக்டர்" என்றாள். "ஆனா ஒண்ணு. இந்தத் தடவை யாரும் வெளியே போகக் கூடாது. காதைப் பொத்தக் கூடாது. எல்லாரும் இங்கேயே நிக்கணும்."

அவள் கீழே விரித்த போர்வையில் உட்கார்ந்தாள். மாமியார்தான் மேனேஜரை மேஜையிலிருந்து தூக்கினாள். மெதுவாகக் குனிந்து அவனை மருமகளின் மடியில் கிடத்தினாள்.

"இங்கதான் அவன் இருக்கணும்... உனக்குத்தான் அந்த உரிமை. நான் பாவிம்மா, வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேன்..."

மேனேஜர் உறுமவில்லை. மோந்து பார்த்தான். பிறகு முகத்தை அவள் முந்தானைக்குள் புதைத்துக்கொண்டான்.

நாத்தனார் தரையில் விழுந்து அண்ணியின் தோளைக் கட்டிக்கொண்டாள். "என்னை மன்னிச்சிடுங்க அண்ணி... மன்னிச்சிட்டேன்னு சொல்லுங்க..."

அண்ணிக்குக் கண்ணீர் நிற்கவில்லை. கோபமும் போகவில்லை.

"அதெல்லாம் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்றாள். "இப்ப அவன் காலைப் பிடி. மெதுவாப் பிடி, அவனுக்கு வலிக்கும்."