சண்டை ஓய்ந்த வெள்ளிக்கிழமை

துணிக்கடைக்காரரின் நோட்டில் தையல்காரர் பெயருக்கு நேராக நின்ற தொகை நாற்பத்தோராயிரத்து முந்நூற்று ஐம்பது. அதை ஒன்பது தவணையில் கட்டி முடித்துவிட்டதாகத் தையல்காரர் சத்தியம் செய்தார். சத்தியத்தைத் தவிர அவர் கையில் இப்போது வேறொன்றும் இல்லை.

"கல்லாவுல குடுக்கிற ரசீதுச் சீட்டு ஒரு மாசத்துல வெளுத்துப்போகுதும்மா. அதனால எல்லாத்தையும் படம் பிடிச்சுக் கம்ப்யூட்டர்ல வச்சிருந்தேன். என் மாப்பிள்ளை அழிச்சுட்டார்" என்றார், கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வாசலில், மழைக் குடையை மடக்காமலே.

"அவர் ஏன் அழிக்கணும்?" என்று கேட்டார் ரிப்பேர்கார அம்மா. அவர் குரல் எப்போதும் ஒரே அளவில்தான் இருக்கும்.

"என் மச்சானோட துணிக்கடையிலதான் வேலைக்குச் சேரப்போறார். புது முதலாளியைக் குளிர வைக்கணுமே! அவர் துணிப் பெட்டியைத் தூக்கி வெளியே வச்சுட்டேன். பொண்ணு அழுதுக்கிட்டே இருக்கா."

மூலையில் சாய்ந்திருந்த அந்த அம்மாவின் கொழுந்தனார் நிமிர்ந்தார். காலையில் லாரியிலிருந்து இருநூறு மூட்டை இறக்கிய தோள் அவருக்கு. மதியம் அண்ணி கடையில் தூங்க வருவார். வழக்கு வந்தால் தூக்கம் பறந்துவிடும்.

"அண்ணி, கீபோர்டுல கைரேகை பாத்துடலாமா?"

"பாக்கலாம். உங்க ரேகைதான் முதல்ல விழும், சும்மா இருங்க" என்ற அண்ணி, தையல்காரரிடம் திரும்பினார். "படத்தைக் கடைசியா எப்போ பாத்தீங்க?"

"வியாழக்கிழமை. வெள்ளி சாயங்காலம் இல்ல. வந்த கோபத்துல பிளக்கையே பிடுங்கிட்டேன். இன்னிக்கு வரைக்கும் யாரும் தொடலை."

"நல்ல கோபம். மச்சானையும் வீட்டுக்கு வரச் சொல்லுங்க."

தையல்காரர் வீட்டுப் படியில், தூறலில் நனைந்தபடி ஒரு பெட்டி இருந்தது. பக்கத்தில் மாப்பிள்ளை, அதைவிட நனைந்து. கம்ப்யூட்டர் அறை பூட்டியிருந்தது. தையல்காரர் தையல் மெஷினுக்கு அடியில் கிடந்த வெட்டுத்துணிக் கூடைக்குள் கையை விட்டார். அளவு நோட்டு வந்தது, ஒரு ஜோடித் தோடு வந்தது, கடைசியில் சாவி வந்தது.

"திருடன் பீரோவைத்தான் உடைப்பான். குப்பையை எவன் கிளறுவான்?" என்றார் பெருமையாக.

அண்ணி முதல் முறையாகச் சிரித்தார். கொழுந்தனாருக்கு ஏனென்று புரியவில்லை.

"நீங்க என்ன பண்ணீங்க தம்பி?" என்று அண்ணி மாப்பிள்ளையைக் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை ஆனா மெஷின் இழுக்குது, ஏதோ எச்சரிக்கை வந்து நிக்குதுன்னு மாமாதான் சொன்னார். வைரஸ் தடுப்பு மென்பொருள்ல 'இதை நம்பலாம்'னு ஒரு பட்டனைத் தட்டினேன். எச்சரிக்கை போயிடுச்சு. வேற ஒண்ணையும் தொடலைங்க."

"பாத்தீங்களா, தொட்டிருக்கார்!" என்றார் தையல்காரர்.

அண்ணி கம்ப்யூட்டரின் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தன் லேப்டாப்போடு இணைத்தார். அது மெல்ல முனகியது. வெளியே மழை அதே சுருதியில் பெய்தது. இரண்டும் சேர்ந்து கொழுந்தனாரின் இமையை இழுத்தன.

அவர் ஒரு நீண்ட கிடங்கில் நின்றார். மூட்டைகள் இல்லை, நீல வெளிச்சம் மட்டும் தரையில் தண்ணீர் போல அசைந்தது. வாசலில் தடியோடு ஒரு காவல்காரன். எதிரே துடைப்பத்தோடு ஒருவன் வந்து, "உள்ளே விடு" என்றான். தடி குறுக்கே விழுந்தது. இருவரும் கட்டிப் புரண்டார்கள். கிடங்கே மூச்சு வாங்கியது. உள்ளே, ஒரு கூடையில், முத்திரை குத்திய ஒன்பது சீட்டுகள் குழந்தைகள் போலத் தூங்கின. அப்போது நனைந்த சட்டைக்காரர் ஒருவர் காவல்காரன் தோளைத் தட்டி, "நம்ம ஆளுதான், விடுப்பா" என்றார். தடி இறங்கியது. துடைப்பம் உள்ளே போனது.

"ஐயோ, கூடை!" என்று கத்திக்கொண்டு விழித்தார். துணிக்கடைக்காரர் வந்து எதிரே உட்கார்ந்திருந்தார்.

"என்ன கூடை?" என்றார் அண்ணி. கொழுந்தனார் கூச்சத்தோடு கனவைச் சொன்னார்.

"தூங்கியே துப்பு துலக்கிட்டீங்க, பரவாயில்ல" என்ற அண்ணி எல்லாரையும் பார்த்தார். "இந்த மெஷின்ல முன்னாடி யாரோ ஒரு சுத்தம் செய்யிற மென்பொருள் போட்டிருக்காங்க. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் தானா ஓடும். கண்ட இடத்துல கை வச்சு அழிக்கறதைப் பாத்து, வைரஸ் தடுப்பு அதைத் திருடன்னு நினைச்சுத் தடுத்துக்கிட்டே இருந்தது. பதிவேட்டுல பதினொரு வெள்ளிக்கிழமை 'தடுக்கப்பட்டது'ன்னு இருக்கு. அந்தச் சண்டையிலதான் மெஷின் இழுத்தது. பன்னிரண்டாவது வெள்ளி, 'அனுமதி'. தம்பி சமாதானம் பண்ணி வச்சுட்டார்."

"சுத்தம்னா குப்பையைத்தானே அள்ளணும்? என் சீட்டு குப்பையா?" என்று தையல்காரர் குரலை உயர்த்தினார்.

"அதை நீங்கதான் சொல்லணும். படத்தையெல்லாம் எங்கே வச்சீங்க?"

தையல்காரரின் பார்வை தானாக வெட்டுத்துணிக் கூடைக்குப் போனது.

"திரை ஓரத்துல ஒரு குப்பைத் தொட்டி இருக்குமே..." என்றார் மெதுவாக. "அதுக்குள்ள. யாரும் கிளற மாட்டாங்கன்னு."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். துணிக்கடைக்காரர் அடக்கவில்லை. "மச்சான், நல்ல வேளை, என் அக்காவைக் கூடையில வச்சுப் பூட்டலை!"

"அழிச்ச இடத்துல வேற ஒண்ணும் பதியாதவரைக்கும் அழிஞ்சது அடியில கிடக்கும்" என்று அண்ணி லேப்டாப்பைத் திருப்பினார். "பிளக்கைப் பிடுங்கின கோபம்தான் காப்பாத்துச்சு."

திரையில் ஒவ்வொன்றாகச் சீட்டுகள் எழுந்து வந்தன. ஒன்பது. துணிக்கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கடை முத்திரையைப் பார்த்துப் பார்த்து விரல்விட்டுக் கூட்டினார். "நாற்பத்தோராயிரத்து முந்நூற்று ஐம்பது. கல்லாவுல வாங்கினவங்க நோட்டுல ஏத்தலை. தப்பு என் கடைமேல, மச்சான்." பேனாவை எடுத்து, கையோடு கொண்டுவந்த நோட்டில் தையல்காரர் பெயரின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

உள்ளறைக் கதவருகே மகள் வந்து நின்றாள், முகத்தைத் துடைத்திருந்தாள்.

கொழுந்தனார் பழக்க தோஷத்தில் படிக்குப் போய்ப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தார். பின்னாலிருந்து ஒரு கை வந்து அவர் கையை விலக்கியது.

"விடுங்க தம்பி" என்றார் தையல்காரர். "வெளியே வச்சவன் நான்தான்."

நனைந்து கனத்த பெட்டியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்து உள்ளே கொண்டுபோனார்.