தப்பான பக்கம் விழுந்த நிழல்

"ஒரே ஒரு ப்ளக் பாயின்ட் கிடைக்குமாங்க...?"

சட்டைக்குள் லேப்டாப்பைக் கட்டிப் பிடித்தபடி மழையோடு மழையாகக் கடைக்குள் நுழைந்தவனை அவள் ஏற இறங்கப் பார்த்தாள். அப்பாவின் விளக்குக் கடை அது. முந்நூறு விளக்குகள் எரிகிற இடத்தில் ஒரு ப்ளக்கூடக் காலி இல்லை. அவன் மூக்கு நுனியில் ஒரு மழைத்துளி... விழலாமா, வேண்டாமா என்று பேரம் பேசிக்கொண்டிருந்தது. அந்தத் துளிக்காகவே இரக்கப்பட்டு, ஒரு மேஜை விளக்கை அணைத்து இடம் கொடுத்தாள்.

அணைந்த விளக்குக்குப் பதிலாக அவன் கண்கள் எரிந்தன... அத்தனை நன்றி. 'இது எத்தனை வாட்ஸ்?' என்று அவள் மனம் தொழில் புத்தியைக் காட்டியது.

அவன் பேய்ப்பட இயக்குநராம். அதாவது, ஆகப் போகிறவனாம். தயாரிப்பாளர் வேறு யாருமில்லை, சொந்தத் தாய்மாமன். நாளைக் காலை படத்தின் முதல் நாற்பது விநாடியைப் பார்ப்பார். பயந்தால் படம் உண்டு. இல்லையென்றால் மாமாவின் டைல்ஸ் கடையில் மேனேஜராக உட்கார வேண்டியதுதான். இதில் ஒன்றைக்கூட அவள் கேட்கவில்லை. அவனே கொட்டினான்.

அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். பாழடைந்த வீட்டுக் கூடம்... ரத்தச் சிவப்பு வெளிச்சம், கம்ப்யூட்டரில் கிளப்பிய புகை, ஒரு கூட்டம் வௌவால். நடுவில் காலி நாற்காலி. கேமராவைத் தரையோடு வைத்ததால்தான் சுவர் நம்மேல் சாய்கிற மாதிரி இருக்கிறது என்று அவன் பாடம் எடுத்தான். முதல் காட்சியில் கண் பயந்துவிட்டால், அப்புறம் எதைச் சொன்னாலும் மனசு நம்பிவிடும் என்றான்.

"புகை எதுக்கு...? வீட்ல கொசுத் தொல்லையா?"

அவன் காது சிவந்தது.

"அதை விடுங்க. நாற்காலி நிழல் தப்பா இருக்கே. சுவத்துல விளக்கு இடது பக்கம் எரியுது... நிழலும் இடது பக்கமே விழுந்தா எப்படி?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அடக்க அடக்க வந்தது.

அவன் திரையைப் பார்த்தான். உண்மைதான். படம் எடுக்கும்போது வலது பக்கம் ஒரு விளக்கை அணைக்காமல் விட்டிருக்கிறார்கள். கூட வேலை செய்த எட்டுப் பேரில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. அந்த வீட்டையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. மறுபடி எடுக்க வழியில்லை.

"விளக்கு விக்கறவங்களுக்கு சினிமா தெரியணும்னு அவசியம் இல்லங்க."

நறுக்கென்று சொல்லி, வயரைப் பிடுங்கிக்கொண்டு மழைக்குள் இறங்கிவிட்டான்.

போனால் போகட்டும் என்று மேஜை விளக்கை மறுபடி போட்டாள். ஏனோ அது மங்கலாகவே எரிந்தது...

அறைக்குப் போனவன், நிழலை மறைக்க இன்னும் கொஞ்சம் புகையை ஏற்றினான். கொசு ஞாபகம்தான் வந்தது. வீம்பு பிடித்து எல்லாவற்றையும் எடுத்தான். வௌவால் போயிற்று. சிவப்பு போயிற்று. புகையும் போயிற்று. வெறும் கூடம்... வெறும் நாற்காலி... விளக்கு இருக்கிற பக்கமே நீளுகிற நிழல்...

அவனுக்கே பிடரி சிலிர்த்தது.

அப்படியென்றால் வலது பக்கம், நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில், யாரோ இன்னொரு விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

நாற்பது விநாடியும் அதையே வைத்தான்.

மறுநாள் மதியம், தூறலில் நனைந்தபடி கடைக்குள் வந்து நின்றான். கல்லாவில் அப்பா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். இவன் மூச்சு விடாமல் அவளிடம் சொல்லி முடித்தான். முதல் பத்து விநாடி மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தாராம். இருபதாவது விநாடியில் திரையின் வலது ஓரத்தையே முறைத்தாராம். முப்பதில் இரண்டு காலையும் தூக்கி சோபாமேல் வைத்துக்கொண்டாராம். படம் உறுதி.

"அது நீங்க குடுத்த படம். நேத்து பேசினதுக்கு மன்னிச்சிடுங்க... நன்றி சொல்லத்தான் வந்தேன். எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

அவள் தலை தாழ்ந்தது. கடைக்கு வருகிறவர்கள் விலை கேட்பார்கள், குறைக்கச் சொல்வார்கள். அவள் கண்ணை நம்பி இதுவரை யாரும் எதையும் மாற்றியதில்லை. நன்றி சொல்ல வேண்டியவள் தான்தானோ என்று தோன்றியது.

"நான் கிண்டலுக்குச் சிரிக்கல," என்றாள் மெதுவாக. "பயந்தா எனக்குச் சிரிப்பு வரும். நீங்க போனப்புறம் வலது பக்கம் திரும்பவே இல்ல."

அவள் இமைகள் உயர்ந்தன. மழை கழுவிய மாதிரி இரண்டு விழிகள்... ஊரையே பயமுறுத்தக் கிளம்பியவன் பயந்து பயந்து கேட்டான்.

"நாளைக்கும் வரலாமா...? தினமும் வரணும்போல இருக்கு. வாங்கறதுக்கு ஒண்ணும் இல்ல... உங்களைப் பார்க்கத்தான். எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

செய்தித்தாளின் அதே பக்கம் வெகுநேரமாகப் புரளவில்லை. அவள் அந்தப் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்துக் குரலைத் தணித்தாள்.

"எதுவும் வாங்காம நிக்கறவங்களை அப்பாவுக்குப் பிடிக்காது... மாப்பிள்ளைன்னா ஒருவேளை விட்டுடுவாரு."