ஆணிக்கட்டை

டோர்னா பள்ளத்தாக்கின் இரும்பு கேட்டைத் தாண்டி ஜீப்பை உள்ளே விட்டபோது ஈஷ்பெல் வாயால்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் தொட்டிகளில் மான் கறி. குளிர்காலத்தில் வேட்டையில் சுட்டது, உறைபெட்டியில் கிடந்தது, ஏப்ரல் வெயிலில் வெளியே எடுத்து வைத்ததில் நன்றாக ஊசிப்போயிருந்தது. மூடியின் விளிம்பில் பழுப்பு நீர் கசிந்து, பாதையின் ஒவ்வொரு குழிக்கும் ஒரு தரம் தளும்பியது. மழை இருந்தாலாவது நாற்றம் கொஞ்சம் அடங்கியிருக்கும். ஸ்காட்லாந்தில் வேண்டாத நாளெல்லாம் பெய்யும் மழை, வேண்டிய அன்றைக்கு வராது.

பக்கத்து இருக்கையில், அவளோடு காட்டு வேலை பார்க்கும் டூகி சாசேஜ் ரோல் தின்றுகொண்டிருந்தான்.

"உனக்கு எப்படிய்யா இறங்குது?" என்றாள்.

"மூக்கு வேற, வாய் வேற தாயி. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிட்டா இந்த வேலை பாக்க முடியாது."

இரண்டு பேருக்கும் நடுவே ப்ரோக் உட்கார்ந்து டூகியின் ரோலை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. பழுப்பும் வெள்ளையுமான வேட்டைநாய். காட்டுக்கோழி புதருக்குள் இருப்பதை மோப்பத்தில் அறிந்தால் ஒரு முன்னங்காலைத் தூக்கி, மூக்கை நீட்டி, சிலையாக நின்று காட்டும். குரைக்காது, பாயாது. அவள் விசில் கொடுத்தால்தான் அடுத்த அடி வைக்கும். குட்டியிலிருந்து அவளே பழக்கியது. புருஷன் போன பிறகு அவள் வீட்டில் மூச்சு விடுகிற இன்னொரு உயிர் அது ஒன்றுதான்.

அந்தக் காட்டின் பைன் மரங்கள் யாரும் நட்டு வந்தவையல்ல. பனியுகம் விலகிய நாள் தொட்டு அப்பன் மரத்தின் விதையில் பிள்ளை மரமாக வந்தவை. வெட்டியும், மான் மேய்ந்தும், மிஞ்சியது இந்தப் பள்ளத்தாக்கு மட்டும். அதில் கேப்பர் கோழி இருந்தது. வான்கோழியளவு கறுத்த காட்டுப் பறவை. தரையில் முட்டையிடும். முட்டையை மரநாய் தின்றுவிடும். பூனையளவு உடம்பும் தொண்டையில் மஞ்சள் திட்டுமாக, கீரிக்குச் சொந்தக்காரன் போலிருக்கும் அந்த மரநாயையும் சட்டம் காத்தது. கொல்லக்கூடாது. ஆகவே பேடைகள் அடைகாக்கும் வாரங்களில் மரநாய்களின் வயிற்றை வேறு கறியால் நிரப்பிவிட வேண்டும். கள்வனுக்கு விருந்து வைத்துக் களவைத் தடுக்கிற வேலை என்பான் டூகி. விரல்விட்டு எண்ணுமளவுக்குத்தான் பேடைகள் இருந்தன. இந்த வருஷமும் குஞ்சு தங்கவில்லையென்றால் டோர்னாவில் கேப்பர் கிடையாது என்று மேற்பார்வை பார்க்கும் ரோனா சொல்லியிருந்தாள். சொன்னபோது அவள் முகம் செத்த வீட்டு முகமாக இருந்தது.

கறியைத் தரையில் போட்டால் நரி முழுத்தொடையை இழுத்துப் போய்விடுகிறது. உயரத்தில் தொங்கவிட ஒரு குறுக்குக் கட்டை வேண்டியிருந்தது. காட்டின் நடுவே, ஒரு பிரபுவின் வேட்டைக்காடாக இருந்த நாளில் கட்டிய நாய்க்கூடங்கள் கூரையிழந்து காஞ்சொறிக்குள் கிடந்தன. டூகி அங்கே புகுந்து நீளமான ஒரு கட்டையை இழுத்து வந்தான். அதன் நீளம் முழுக்க வரிசையாக ஆணிகள், தலை மேலே பார்க்கச் சாய்த்து அடித்தவை.

ஈஷ்பெல்லுக்கு அது என்னவென்று தெரிந்தது. அந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியும். பழைய வேட்டைக் காவலர்கள் பிரபுவின் கோழிகளுக்குக் கேடு செய்கிற எதையும், மரநாய், காட்டுப்பூனை, பருந்து, ஆந்தை என்று பாராமல் கொன்று, இப்படியொரு கட்டையில் தலையால் மாட்டித் தொங்கவிடுவார்கள். பிரபு குதிரையில் போகும்போது காவலன் சும்மா இருக்கவில்லை என்று தெரியவேண்டும். அழுகி உதிரும்வரை அப்படியே இருக்கும்.

"அத விட்ரு டூகி. வேற மரம் வெட்டிக்கலாம்."

"ஆணி அடிச்சே கெடக்கு. அரை நாள் வேலை மிச்சம்" என்று சொல்லி இரண்டு பைன்களுக்கு நடுவே அதைக் கட்டிவிட்டான்.

கறியை மாட்டும்போது அவள் கையுறை ஒரு ஆணியில் உரசியது. விரலில் வழவழவென்று ஏதோ ஒட்டிக்கொண்டது. மோந்து பார்த்தாள். ஊசிப்போன ஆட்டுக்கொழுப்பு.

நூறு வருஷ மழையில் நனைந்த ஆணி அது.

அடுத்த வாரம் போனபோது கறி வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. புழு நெளிகிற சத்தம் காதில் கேட்டது, ஈரத் துணியைப் பிழிகிறாற்போல. கட்டையின் ஓரத்தில், அவர்கள் எதுவும் மாட்டாத ஆணியில் ஒரு மரநாய் தொங்கியது. தாடைக்கடியில் ஆணி ஏறியிருந்தது. பின்னங்கால்கள் சேர்த்து நீட்டப்பட்டிருந்தன. மஞ்சள் தொண்டை வெளியே தெரியும்படி தலை திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

மயிர் சீவியிருந்தது.

அதைக் கண்டதும்தான் அவள் புதரோரம் போய் வாந்தியெடுத்தாள். கறி நாற்றத்துக்கு எடுக்காத வாந்தி அது. செத்ததை யாரோ மடியில் வைத்து, நேரமெடுத்து, பிரியமாகச் சீவியிருக்கிறார்கள்.

டூகியின் வாயில் அன்று ஒரு வேடிக்கையும் வரவில்லை. போலீஸுக்குச் சொல்லலாமா என்று அவள் கேட்டாள். மரநாயைக் கொன்றால் சிறை, இந்தக் கட்டையைக் கட்டியது நாம், முதலில் நம் கொட்டகையைத்தான் புரட்டுவார்கள் என்று அவன் சொன்னான். அதில் தப்பு ஒன்றும் அவளுக்குத் தென்படவில்லை. பாசித் தரையைத் தோண்டிப் புதைத்தார்கள்.

மறுவாரம் அடுத்த ஆணியில் ஒன்று. பிறகு ஒரு காகம், சிறகு விரித்து. பிறகு குட்டி சுமந்த நரி ஒன்று. அதன் வயிறு பொடிக்கொசு மொய்க்கக் கறுத்துத் தாழ்ந்து கிடந்தது. புதைக்கத் தூக்கியபோது அது கிழிந்து அவள் பூட்ஸுக்குள் வழிந்தது. அன்று ராத்திரி சோப்புத் தேய்த்து, வினிகர் தேய்த்து, கடைசியில் மண்ணெண்ணெயும் தேய்த்தாள். காலில் நாற்றம் போனது. நாக்கில் போகவில்லை.

அவள் ரம்பத்தை எடுத்துக்கொண்டு போனாள், கட்டையை அறுத்துவிடுவதென்று. பாதையில் ரோனா எதிரே ஓடி வந்தாள். கண்ணெல்லாம் நீர். ஒரு கூடுகூடக் கலையவில்லை, எல்லாப் பேடையும் உட்கார்ந்திருக்கிறது, இந்தக் காட்டில் இப்படியொரு வருஷத்தைத் தான் பார்த்ததேயில்லை என்று சொல்லி ஈஷ்பெல்லைக் கட்டிக்கொண்டாள். எல்லாம் நீங்கள் வைக்கிற கறிதான் என்றாள்.

ஈஷ்பெல் ரம்பத்தை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வந்து அதை ஜீப்பில் போட்டாள். டூகி அதைப் பார்த்தான்.

"நம்மகூட இன்னொருத்தன் வேலை பாக்கறான்னு வெச்சுக்கோ" என்றான் மெதுவாக. "கூலி கேக்கல. லீவு கேக்கல. குஞ்சு பொரியுற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டுமே."

அவனை அறைய வேண்டும் போலிருந்தது. ஆனால் அவள் மனசுக்குள்ளும் அதே பேச்சுத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிறகு கட்டையில் புதிதாக ஒன்று தொங்கக் கண்டால், குமட்டலுக்கு அடியில், இன்னொரு கூடு தப்பியது என்று ஒரு நிம்மதி வந்து போனது. அந்த நிம்மதிதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அசிங்கமாக இருந்தது.

ஜூனில் ஒரு வெளியூர்க்காரியின் சின்ன நாய் கயிற்றை உருவிக்கொண்டு காட்டுக்குள் ஓடியது. வண்டி நிறுத்தும் இடத்தில் அதன் படம் போட்ட காகிதம் ஒட்டியிருந்தது. பேர் பிஸ்கட். குழந்தைகள் அழுகிறார்கள்.

கட்டையில் அது, நரி தொங்கிய ஆணிக்கு அடுத்த ஆணியில் இருந்தது. கழுத்துப்பட்டையை அவிழ்த்து ஆணியிலேயே மாட்டியிருந்தது.

முட்டை தின்பதுதான் குற்றமென்று அதுவரை அவள் நினைத்திருந்தாள். கோழியைக் கலைப்பதும் அந்த இன்னொருத்தன் கணக்கில் குற்றம். ஆகஸ்டில் குஞ்சு எண்ண ப்ரோக்கைத்தான் இந்தக் காட்டுக்குள் விடவேண்டும். புதர் புதராக அது கோழிகளை எழுப்பியாக வேண்டும்.

அன்றே கட்டையை அறுத்தார்கள். டூகி மறுபேச்சுப் பேசாமல் மறுமுனையைப் பிடித்தான். காட்டுக்கு வெளியே கொண்டுபோய் அவள் தீ வைத்தபோது காய்ந்த மரம் போல எரியவில்லை. நெய்யூற்றியது போலச் சடசடத்து, மஞ்சளாக உருகிச் சொட்டியது. ஆணிகளைப் பொறுக்கி ஏரியின் ஆழத்தில் எறிந்தார்கள். பிஸ்கட்டை அவள் தனியாகப் புதைத்தாள். அந்தக் காகிதத்தைப் பார்க்காமல் ஜீப் ஓட்டவும் பழகிக்கொண்டாள்.

ஜூலை முழுக்கக் காடு சுத்தமாக இருந்தது. பிசின் மணம் தவிர வேறு மணமில்லை.

ஆகஸ்டில் ஒரு காலைப்பொழுது, ரோனா முன்னால் நடக்க, ஈஷ்பெல் ப்ரோக்கை அவிழ்த்து விட்டாள்.  ப்ரோக் ப்ளேபெரிப் பழப் புதர்களுக்குள் காற்றை முகர்ந்தபடி குறுக்கும் நெடுக்கும் போனது. நின்றது. காலைத் தூக்கியது. அவள் விசில் கொடுத்தாள். புதர் வெடித்தாற்போலப் பேடை எழுந்தது, அதன் பின்னாலேயே பொத்துப் பொத்தென்று குஞ்சுகள். ரோனா சத்தமில்லாமல் சிரித்தாள். அந்தக் கணத்தில் எல்லாம் சரியாகப் போயிற்று என்று ஈஷ்பெல்லும் நம்பினாள்.

பிறகு, கட்டை கட்டியிருந்த அந்த இரண்டு பைன்கள் வந்தன.

ப்ரோக் மறுபடி நின்றது. காலைத் தூக்கியது. எதிரே புதரில்லை. வெறும் தரை. அதன் மூக்கும் தரையை நோக்கி இல்லை. ஆள் உயரத்துக்கு நிமிர்ந்திருந்தது.

நனைந்த கம்பளியின் நாற்றம் வந்தது. மட்கிய புகையிலை. ஊசிய ஆட்டுக்கொழுப்பு.

அவள் விசிலை வாயில் வைத்தாள். அதற்குள் இன்னொரு சீழ்க்கை கேட்டது. தாழ்ந்த சீழ்க்கை. பல்லில்லாத ஈரவாய் எச்சிலோடு ஊதுகிற சீழ்க்கை.

ப்ரோக் காலைக் கீழே வைத்தது. முன்னே போய், திரும்பி, யாருமில்லாத ஒரு இடத்தின் இடப்பக்கம் ஒட்டி நின்றது. வாலை ஒருமுறை ஆட்டியது. பிறகு அந்த யாருமில்லாததோடு, அடிக்கு அடி அளந்து, காட்டுக்குள் நடந்து போனது. அவள் கத்தினாள், ஊதினாள், ஓடினாள். அது திரும்பிப் பார்க்கவேயில்லை.

"யார் கூப்பிட்டாங்க, ஈஷ்பெல்?" என்று ரோனா கேட்டாள். "நீங்க ஊதலையே."

டூகியையும் வரவழைத்து மூன்று பேரும் பொழுது சாயும்வரை தேடினார்கள். ஒவ்வொரு மரத்தையும் அவள் அண்ணாந்து பார்த்தாள், எதைத் தேடுகிறாள் என்று ரோனாவிடம் சொல்லாமல்.

மறுநாள் காலை வாசற்கதவை யாரோ பிராண்டினார்கள். ப்ரோக் நின்றுகொண்டிருந்தது, முழு உடம்போடு, ஒரு கீறல்கூட இல்லாமல். அவள் அப்படியே உட்கார்ந்து கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட கை வழுக்கியது. மயிரெல்லாம் கொழுப்புப் பூசியிருந்தது. தோல் கழுத்துப்பட்டை போய், கழுத்தில் தார் தடவிய பழைய சணல்கயிறு கிடந்தது.

சீவியிருந்தது.

அடுக்களைக்குள் வந்ததும் அது வயிற்றை எக்கிக் கக்கியது. கல்தரையில் பழுப்பு மயிர் உருண்டையாக விழுந்தது. சின்ன நகங்கள். அதற்குள், வெந்ததுமில்லாமல் செரித்ததுமில்லாமல், மஞ்சள் தோலின் துண்டுகள். ஒரு நல்ல காவலன் தன் நாயைப் பட்டினி போடமாட்டான்.

டூகி வந்து பார்த்தான். எந்த மருத்துவரிடமும் காட்ட வேண்டாம், நாயை எடுத்துக்கொண்டு இங்கிருந்து போய்விடு என்றான். எங்கே போவது என்று அவள் கேட்டாள். வாசலில் நின்று தொப்பியைத் திருகிக்கொண்டே, கட்டையை எடுத்தது நான், எரித்தது நீ என்று மட்டும் சொன்னான். அந்தக் காவலன் கணக்குத் தீர்க்க யாரிடம் வருவான் என்று அவளுக்குப் புரிந்தது.

நாலைந்து நாள் ப்ரோக் சாதாரணமாகவே இருந்தது. தின்றது, தூங்கியது. அவள் தடவினால் பொறுத்துக்கொண்டது. வெந்நீரில் எத்தனை முறை குளிப்பாட்டினாலும் கொழுப்பு மட்டும் போகவில்லை.

சனிக்கிழமை மதியம். வெயில் அடுக்களை மேசைவரை வந்திருந்தது. ஈஷ்பெல் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டுத் திரும்பினாள். பின்கதவு திறந்திருந்தது. சாத்தியதாகத்தான் ஞாபகம்.

ப்ரோக் தோட்டத்திலிருந்து உள்ளே வந்தது. மெதுவாக, அடிக்கு அடி அளந்து, யாருமில்லாத ஒரு இடத்தின் இடப்பக்கம் ஒட்டி. அடுப்பு வரை வந்தது. நின்றது. தலையைத் தூக்கி, ஒரு ஆளின் கை இருக்கவேண்டிய உயரத்தைப் பார்த்தது.

நனைந்த கம்பளி. புகையிலை.

"ப்ரோக்" என்றாள் அவள். 

ப்ரோக் அவள் பக்கம் திரும்பியது. உடம்பு விறைத்தது. வால் நீண்டது. முன்னங்கால் ஒன்று மெல்ல மேலே எழுந்தது. மூக்கு அவளுடைய தொண்டைக்கு நேராக வந்து நின்றது.

சீழ்க்கை வரும்வரை அது அசையாது. அப்படிப் பழக்கியவள் அவள்தான்.