பலாமரப் பெட்டியும் இரண்டு காதுகளும்

கோவை ஜில்லாவில் சங்கீதம் கேட்கத் தகுந்த காதுகள் மொத்தம் இரண்டு என்றும், அவை தம் தலையிலேயே அமைந்தது தற்செயல் அல்ல என்றும் லட்சுமணசாமி மாஸ்டர் அறிவித்தார். சப்-இன்ஸ்பெக்டர் சென்னகிருஷ்ணனுக்குக் கிடைத்த முதல் வாக்குமூலம் அதுதான்.

கிடந்தது பிணம் அல்ல, பெட்டி. கோட்டைமேடு கரீம் பலாமரத்தில் செய்த சின்ன ஒலிபெருக்கி. ஆம்ப்ளிபயரும் உள்ளேயே இருந்ததால் கரண்டில் செருகினால் போதும், பாடும். அதன் முன்துணியும் உள்ளிருந்த காகிதக் கூம்பும் நேர்கோடாகக் கிழிந்திருந்தன.

மாலையில் மாஸ்டர் வீட்டில் போட்டி. திரைக்குப் பின்னால் இதையும் ஒரு பம்பாய்ப் பெட்டியையும் மாற்றி மாற்றிப் பாடவைப்பார்கள். எது உசத்தி என்று மாஸ்டர் சொல்வார். தேறினால் ரேடியோக்கடை பாலுசாமி, கரீமின் பெட்டிகளை விற்பார். தேறாவிட்டால் கரீம் பட்டறையைப் பூட்டவேண்டியதுதான்.

மாஸ்டர் முப்பது வருஷம் மில் தறிக்கொட்டகையில் வீவிங் மாஸ்டர். பேசுகிறவர் வாயையே பார்த்துக் கேட்பது அவர் மரியாதை. பாட்டுக் கேட்கும் அறையின் ஜன்னலில் கம்பளி, கூரையில் வெளிச்சத்துக்கு ஒரு கண்ணாடி ஓடு. மின்விசிறிச் சத்தம் ராகத்தைக் கெடுக்கும் என்று அந்த அறைக்கு மட்டும் விசிறி இல்லை. மேசையில் கைச்சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன்; அதன் பாட்டு ஒயர் வழியாகப் பெட்டியில்தான் கேட்கும்.

"கடைசியா எப்பக் கேட்டீங்க, மாஸ்டர்?"

"இன்னிக்குக் காப்பி குடிச்சுப்போட்டுங்க. முழு பிளேட்டு. அடிநாதம் கிணத்துக்குள்ளிருந்து வந்தாப்பல. மேல்ஸ்தாயிலதான் கொஞ்சம் தகரம்."

"அப்புறம்?"

"குளிக்கப் போனேன். அப்ப வந்தவன் இந்தப் பாலுசாமி ஒருத்தன்தான். பம்பாய்ப் பெட்டியில லாபம் ஜாஸ்தியாச்சே!"

"ஏனுங்க, திரைக்கு ஆணி அடிக்க வந்தவன் மேலயா பழி?" என்றார் பாலுசாமி.

கரீம் கிழிந்த பெட்டியைக் கரண்டில் செருகி, அதிர்கிறதா என்று பக்கப் பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். மாஸ்டர் சிரித்தார்.

"அதென்னப்பா, மாட்டுக்குச் சினை பாக்கறாப்பல? கையால பாட்டுக் கேக்கறவன் காதால சோறு திங்கலாமே!"

மாஸ்டரின் மனைவி அம்புஜம் மோர் கொண்டுவந்தார். இடுப்பில் பனையோலை விசிறி.

"கரண்ட்டு இப்பத்தானுங்க வந்துச்சு. பைக்காரா அணையில தண்ணியில்லயாம், விடிஞ்சதிலிருந்து இந்த விசிறிதான்."

சென்னகிருஷ்ணன் மோரைக் குடிக்கவில்லை. கிராமபோனுக்குச் சாவி கொடுத்து, ஒயரைப் பம்பாய்ப் பெட்டியில் மாட்டி, ஊசியை வைத்தார். பெட்டியைக் கரண்டில் மட்டும் செருகவில்லை.

தட்டு சுற்றியது. அறையில் சத்தமே இல்லை. மாஸ்டர் தட்டைப் பார்த்துத் தொடையில் தாளம் போட்டார்.

"பம்பாய்க்காரனுக்கு உயிரு பத்தாதுங்க," என்றார்.

சென்னகிருஷ்ணன் அவருக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துக்கொண்டு குற்றவாளியின் பெயரைச் சொன்னார்.

"கிழிச்சது மாஸ்டர்தானுங்க. காலையிலயும் இப்படித்தான். கரண்ட்டு இல்லாமலே தட்டு சுத்தும், பெட்டி பாடாது. இந்த ரூம்ல விசிறியும் இல்ல, கரண்ட்டு போனது தெரியறதுக்கு. சாயங்காலம் திரை கட்டினா எந்தப் பெட்டி பாடுதுன்னே தெரியாது. பெட்டியில்லாட்டிப் போட்டியும் இல்ல. தறிச் சத்தம் ரெண்டு காதையும் எப்பவோ தின்னுபோட்டுது."

பின்னால் தாளம் தொடர்ந்தது. அம்புஜம்தான் போய் ஊசியைத் தூக்கினார். மாஸ்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாரும் வாயைத் திறக்கவில்லை.

கரீம் புகார் வேண்டாம் என்றான். பாலுசாமிக்கும் பெட்டி வேண்டாம்.

"போலீஸ் ஏறின சாமான் நம்ம கடைக்கு ஆகாதுங்க," என்று செருப்பை மாட்டினார்.

அடுத்த வாரம் கரீமுக்கு மில்லில் வேலை கிடைத்தது. தறிக்கொட்டகையில்.

சென்னகிருஷ்ணன் மறந்துவைத்த பிரம்பை எடுக்க வந்தபோது அறைக்கதவு திறந்திருந்தது. தட்டு சுற்றியது. கூம்பில் காகிதம் ஒட்டிக் கரீம் விட்டுப்போன பெட்டி, சளி பிடித்த குரலில் பாடியது. மாஸ்டர் அதன் பக்கப் பலகையில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடியிருந்தார்.

கூடத்து மின்விசிறி மெல்ல நின்றது. பெட்டி அடங்கியது. தட்டு மட்டும் சுற்றியது.

மாஸ்டர் சற்றுப் பொறுத்துப் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, ஊசியைத் தூக்கி வைத்தார்.