412-க்கு ஒரு விசிட்டர்!

இன்டர்காம் அலறியது.

ரிசப்ஷனிஸ்ட் மூன்றாவது மணியில் எடுத்தாள். அது ஹோட்டல் விதி.

"அம்மாடி..." ஹவுஸ்கீப்பிங் அக்காவின் குரல். "412-ல டவல் மாத்த வந்தேன். சார் தரையில கெடக்கார்... தலையெல்லாம் ரத்தம்!"

மணி மூன்றரை. வெளியே அடைமழை.

பத்தாவது நிமிடம் ஆம்புலன்ஸ் வந்தது. மூச்சு இருக்கிறது, நினைவு இல்லை என்று சொல்லிவிட்டு ஆளை அள்ளிக்கொண்டு பறந்தது. பதினைந்தாவது நிமிடம் இன்ஸ்பெக்டர் வந்தார். தொப்பை முன்னால் வந்தது, அவர் பின்னால் வந்தார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் முந்திக்கொண்டார்.

"அந்தப் பொம்பளைதான் சார்! மதியம் 412-க்கு வந்தவ. வேற யாரும் அந்த ரூமுக்குப் போகல. ரெஜிஸ்டர் பாருங்க."

ரெஜிஸ்டரில் இருந்தது. 'விசிட்டர்: ஒருவர். உறவு: தோழி.' மதியம் ஒன்றரைக்கு வருகை, மூன்றே காலுக்கு வெளியேற்றம்.

அவளை ரிசப்ஷனிஸ்ட்டுக்கு நன்றாகத் தெரியும். பெயரால் அல்ல, குடையால். வெயிலானாலும் மழையானாலும் சிவப்புக் குடை. மாதத்தில் இரண்டு மூன்று முறை ஏதாவது ஒரு அறைக்கு வருவாள். எதற்கு என்று கேட்கக் கூடாது. மேலும் கீழும் பார்க்கக் கூடாது. வேண்டாத சிரிப்பு சிரிக்கக் கூடாது. எல்லாம் மேனேஜர் எழுதிய விதிப் புத்தகத்தில் இருக்கிறது. மனுஷன் தும்முவதற்குக்கூட விதி எழுதியிருப்பார், நேரம் கிடைக்கவில்லை.

விசிட்டர் ஐடியை கவுன்டரில் கொடுத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். திரும்பி வந்து கேட்டால் உடனே தரக் கூடாது. அறைக்குப் போன் போட்டு, 'உங்க விருந்தாளி கிளம்பறாங்க, எல்லாம் சரிதானே சார்?' என்று கேட்க வேண்டும். கெஸ்ட் சரி என்றால்தான் ஐடி. ஆறு மணி அடித்தும் எடுக்காவிட்டால் செக்யூரிட்டி மேலே ஓட வேண்டும்.

செக்யூரிட்டி இப்போது வெளியே ஓடியிருந்தார். எதிர் பேக்கரியில் மழைக்கு ஒதுங்கியிருந்த சிவப்புக் குடையைக் கையோடு கூட்டிவந்துவிட்டார்.

மேலே போகும்போது இருந்த பளபளப்பு எதுவும் அவளிடம் இல்லை. லாபி பாத்ரூமில் மேக்கப்பைக் கழுவி, பருத்திச் சுடிதாருக்கு மாறியிருந்தாள். எப்போதும் அப்படித்தான். கால் மணி நேரமாவது ஆகும், அதற்குப் பிறகுதான் ஐடி கேட்பாள்.

"சார், நான் கிளம்பறப்ப அவர் பாத்ரூம்ல ஷவரைத் திறந்துவிட்டுப் பாடிட்டு இருந்தார். சகிக்கல. ஆனா உயிரோட இருந்தார்." அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "நாலரைக்கு என் பொண்ணுக்கு ஸ்கூல் விட்ருவாங்க. முதல் வகுப்பு. என்னைத் தவிர யாரோடயும் அனுப்ப மாட்டாங்க."

"அதையெல்லாம் ஸ்டேஷன்ல சொல்லு" என்றார் மேனேஜர்.

மணி நான்கு.

பள்ளிக் கேட்டில் பை மாட்டிக்கொண்டு நிற்கும் ஒரு குட்டிப் பெண்ணை நினைத்ததும் ரிசப்ஷனிஸ்ட் எழுந்தாள்.

"சார், மூணே காலுக்கு நான் 412-க்குப் போன் போட்டேன். ஒரு ஆம்பளைக் குரல் 'எல்லாம் சரி, அனுப்பிடுங்க'ன்னு சொல்லுச்சு. அப்ப இவங்க என் எதிர்ல நின்னுட்டு இருந்தாங்க."

இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறியது. "கெஸ்ட் குரல்தானா?"

"ஷவர் சத்தத்துல சரியாக் கேக்கல சார்."

"அப்படின்னா இவளோட கூட்டாளி!" மேனேஜர் மேஜையைத் தட்டினார். "பின்படி வழியா ஏறி வந்திருப்பான். முதல்ல இவளை ஜீப்ல ஏத்துங்க சார்."

ஹெட் கான்ஸ்டபிள் சிவப்புக் குடையின் பக்கம் நகர்ந்தார். மேனேஜர், அறையைக் காட்டுகிறேன் என்று இன்ஸ்பெக்டரை லிஃப்ட் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

ரிசப்ஷனிஸ்ட் அந்தப் போனையே வெறித்தாள்.

ஏதோ ஒன்று மூன்றே காலிலிருந்து அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. என்ன அது? 'அனுப்பிடுங்க' என்றது குரல். நன்றி சொன்னாள். காத்திருந்தாள். அந்தப் பக்கம் வைக்கவில்லை. இவளும் வைக்கவில்லை. அரை நிமிடம் லைனில் ஷவர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் கூரியர்காரர் கவுன்டரைத் தட்டியதால் வேறு வழியின்றி இவள்தான் வைத்தாள்...

கெஸ்ட் யாரும் அப்படிக் காத்திருப்பதில்லை! பேசி முடித்ததும் டொக்கென்று வைத்துவிடுவார்கள்.

காத்திருப்பது இவர்கள். 'எதிர்முனை வைக்கும்வரை போனை வைக்கக் கூடாது.' விதிப் புத்தகம், முதல் பக்கம். ரிசப்ஷனில் போன் எடுப்பவர்களுக்கு மட்டும் மேனேஜர் மூன்று மாதம் தலையில் குட்டிக் குட்டிப் பழக்கியது. இன்று மதிய ஷிஃப்டில் அப்படிப் பழகியவர்கள் இரண்டே பேர்.

ஒருத்தி இங்கே உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் லிஃப்டை நோக்கி ஓடினாள். மேனேஜர் உள்ளே போய்விட்டிருந்தார். இன்ஸ்பெக்டரின் காதில் அவசரமாக நான்கு வாக்கியம் கிசுகிசுத்தாள். அவர் தலையாட்டிவிட்டு லிஃப்டில் ஏறினார்.

மணி நான்கு ஏழு. அவள் கவுன்டருக்குத் திரும்பி 412-ஐ அழுத்தினாள்.

ரிசீவரை எடுத்த இன்ஸ்பெக்டர், "நீங்களே பேசுங்க" என்று மேனேஜரிடம் கொடுப்பது லைனில் கேட்டது.

"சொல்லும்மா" என்றார் மேனேஜர்.

"சார், ஆஸ்பத்திரியிலிருந்து போன். கெஸ்ட் கண் முழிச்சிட்டாராம்."

பச்சைப் பொய்! அந்தப் பக்கம் மூச்சு நின்றது. பத்து விநாடி... இருபது... முப்பது... லைன் அப்படியே இருந்தது.

"என்ன சார், பேச்சு முடிஞ்சிருச்சு, இன்னும் போனை வைக்க மாட்டேங்கறீங்க?" இது இன்ஸ்பெக்டர்.

"அது... எங்க ரூல் சார். அவங்க வைக்கணும்."

"ஓஹோ. மூணே காலுக்கும் இதே ரூல்தானா?"

ரிசீவர் கீழே விழும் சத்தம் வந்தது.

மீதியை மேனேஜரே கொட்டினார். விசிட்டர் ரெஜிஸ்டரைப் படம் எடுத்து, வீட்டில் சொல்லிவிடுவேன் என்று கெஸ்டுகளை மிரட்டிக் கறப்பது அவருடைய தனித் தொழில். 412 மசியவில்லை, போலீஸுக்குப் போவேன் என்றார். சிவப்புக் குடை இறங்கியதும் பின்படி வழியாக ஏறி, மாற்றுச் சாவியால் திறந்து, பூச்சாடியால் ஒரே போடு! அப்போதுதான் பாழாய்ப்போன போன் அடித்தது. எடுக்காவிட்டால் செக்யூரிட்டி ஓடி வருவாரே... அவரே எழுதிய விதி! கெஸ்டின் செல்போன் அவர் டிராயரில் கிடைத்தது, மிரட்டல் மெசேஜ்கள் அத்தனையோடும்.

நான்கு இருபதுக்கு ரிசப்ஷனிஸ்ட் ஐடியை எடுத்து நீட்டினாள்.

"இதை போலீஸ் வாங்கிட்டாங்களே?" என்றாள் சிவப்புக் குடை.

"திரும்ப வாங்கி வச்சேன். ஓடுங்க. ஹெட் கான்ஸ்டபிள் ஜீப்ல விட்டுட்டு வரேன்னார்."

அவள் கண் கலங்கிக் கையைப் பிடித்தாள். பிறகு ஓடினாள். குடை கவுன்டரிலேயே கிடந்தது.

மறுநாள் காலை இன்டர்காமுக்குப் பக்கத்திலிருந்த வெளி லைன் அடித்தது. மூன்றாவது மணியில் எடுத்தாள்.

ஸ்டேஷனிலிருந்து மேனேஜர். 412 நிஜமாகவே கண் விழித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். வக்கீலுக்குச் சொல்லும்படி கெஞ்சினார். சொல்கிறேன் என்றாள்.

பேச்சு முடிந்தது. லைன் முடியவில்லை. அந்தப் பக்கம் அவர் காத்திருந்தார். இந்தப் பக்கம் இவள்.

"நீங்க வைங்க சார்" என்றாள் அவள் பணிவாக. "இப்ப நீங்கதான் கெஸ்ட்!"