கோட்டுக்கு முந்தைய ஒன்பது படங்கள்

செவ்வாயில் யாரும் சத்தியம் செய்வதில்லை. தலையில் அடித்தோ, பிள்ளை மேல் கை வைத்தோ ஒரு சொல்லை நம்பவைக்கும் வேலை அங்கே கிடையாது. சாப்பாட்டு வரிசையில் ஒருவன் காலை இன்னொருவன் மிதித்துவிட்டால்கூட, "நீ மிதிச்ச", "நான் மிதிக்கல" என்பதற்கு மேல் சண்டை நீளாது. "போட்டுப் பாப்பம்" என்பான் மூன்றாமவன். சுவரில் மறுகாட்சி ஓடும். மிதித்த கால் தெரியும். மிதித்தவன் தன் பங்கு ஊறுகாயை மிதிபட்டவன் தட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவான்.

ஆவுடையப்பன் அங்கே தாது லாரி ஓட்ட வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. வரும்போது மனைவிக்கு ஆறு மாதம். பிறந்த பெண்ணை அவன் திரையில்தான் பார்த்திருக்கிறான், கழுத்துக்கு மேலே. அவளும் அவனை அப்படித்தான்.

திரும்பிப் போவது லேசில்லை. கப்பலில் தாதுக்குத்தான் இடம், ஆளுக்கு இல்லை. லாரிக் கொட்டகை முழுக்கச் சேர்த்து வருஷத்துக்கு ஒரே ஒரு இருக்கை. முன்பு சீட்டுக் குலுக்கினார்கள். கள்ளச் சீட்டு என்று அடிதடி வந்து இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. அதற்குப் பிறகு பந்தயம் வைத்தார்கள். நிஜ லாரியில் இல்லை, பழகுவதற்கென்று இருக்கும் ஓட்டுக்கூண்டில். கூண்டுக்குள் உட்கார்ந்தால் எதிரே பாவனைத் தடம் விரியும். யார் முதலில் கோட்டைத் தாண்டினார்கள் என்பதில் சந்தேகம் வந்தால் மறுகாட்சி இருக்கிறது. அதற்கு மேல் அப்பீல் இல்லை.

அந்த வருஷம் கடைசி ஓட்டத்துக்கு நின்ற இரண்டு பேர், ஆவுடையப்பனும் சூசை மிக்கேலும். ஏழு வருஷமாக ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள். சூசையின் மனைவி கை கால் ஒரு பக்கம் விழுந்து படுக்கையில் கிடந்தாள்.

பந்தயத்துக்கு முந்தின நாள் மத்தியானம் ஆவுடையப்பன் சொன்னான்: "எம்மவ கேக்கா வே, 'அப்பா, நீங்க எவ்வளவு ஒசரம்?'னு. அவ அம்மகிட்ட கேட்டாளாம், அவளுக்கும் மறந்து போச்சாம்."

சூசை சிரித்தான். "ஒம்ம ஒசரத்துல மறக்க என்ன வே இருக்கு? நேர்ல போயி அளந்து காட்டும்."

"போறது யாருன்னு நாளைக்குத் தெரியும்."

"தெரியும் தெரியும். சாப்பிடும்."

மறுநாள் கடைசித் திருப்பம் வரைக்கும் இருவரும் ஒட்டி ஒட்டியே ஓட்டினார்கள். கோடு கண்ணுக்குத் தெரிந்தது. அப்போது சூசையின் வண்டியின் வால் லேசாக ஆடி ஆவுடையப்பன் பக்கம் வந்தது. சறுக்கிவிட்டான் என்று நினைத்தான் ஆவுடையப்பன். இடித்தால் சூசை புரண்டு போவான், இருக்கை தனக்கு. ஆனால் நினைப்பு முடிவதற்குள் கால் வேக மிதியை விட்டு எழும்பிவிட்டது. சூசையின் வண்டி ஓர் உள்ளங்கை அகலம் முந்திக் கோட்டைத் தொட்டது.

கொட்டகை சூசையைத் தோளில் தூக்கியது. சூசை தலை குனிந்தபடி இருந்தான். அவன் தன்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லுவான் என்று ஆவுடையப்பன் காத்திருந்தான். மூன்றாம் நாள் கப்பல் வாசலில் சூசை சொன்னது இவ்வளவுதான்: "போயிட்டு வாரேன் வே."

அது ஆவுடையப்பனை அறுத்தது. விட்டுக்கொடுத்தது கூட வலிக்கவில்லை, தெரியாதது போல் போனதுதான் வலித்தது. ஒரு வாரம் பொறுத்துவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்தில் சொல்லிவிட்டான்: "நான் கால எடுத்தேம்லா. இல்லன்னா அவன் போயிருப்பானா?"

"போட்டுப் பாப்பம்" என்றான் மந்திரமூர்த்தி. பக்கத்து லாரிக்காரன், வாய் சும்மா இருக்காது.

சுவரில் ஓடியது. அங்கேதான் சிக்கல். ஓட்டும்போது கூண்டு நொடிக்கு இருநூறு படம் காட்டும். பிடரியில் பதித்த நரம்புச்சில்லு அத்தனையையும் வாங்கிக்கொள்ளும், கண் கண்ட மாத்திரத்தில் கால் வேலை செய்யும். ஆனால் மறுகாட்சிக்கு நொடிக்கு இருபது போதும் என்று நிர்வாகம் வைத்திருந்தது. எல்லாவற்றையும் சேர்த்து வைக்க இடம் ஏது? பத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்பதை உதிர்த்துவிடுவார்கள். உதிர்ந்தது உறுத்தாமல் இருக்க மீதிக்கு மெருகு போடுவார்கள். புழுதியில் பொன் மினுங்கும், சக்கரத்தில் வெயில் தெறிக்கும். ஓட்டியவன் காணாத அழகெல்லாம் மறுகாட்சியில் உண்டு.

ஒரு படத்தில் இரண்டு வண்டியும் சமமாக நின்றன. அடுத்த படத்தில் சூசை கோட்டின் மேல் இருந்தான். கீழே மூலையில் ஆவுடையப்பனின் கால், இரண்டு படத்திலும் மிதியின் மேலேயே இருந்தது.

"எங்க வே எடுத்தீரு?" என்றான் மந்திரமூர்த்தி. "தோத்தவன் தோத்தேன்னு சொன்னா கொறஞ்சா போவான்?"

கூடம் சிரித்தது. அதற்கப்புறம் அவன் தட்டோடு வந்தால் மேசையில் கொஞ்சம் இடைவெளி விழும். யாரும் திட்டவில்லை. பொய் சொன்னவனோடு பேச என்ன இருக்கிறது என்பது போல் இருந்தார்கள். அவன் சுவரோரம் நின்று தின்னப் பழகினான். மாதம் ஒருமுறை சூசையிடமிருந்து செய்தி வந்தது. அவன் எதையும் திறக்கவில்லை. மகள்கூடத் திரையில், "அப்பா, ஒங்க பின்னால ஏன் யாருமே இல்ல?" என்றாள். "எல்லாரும் வேலைக்குப் போயிருக்காங்கம்மா" என்றான்.

பந்தயத்தின் மூலப்பதிவு மட்டும் ஒரு வருஷம் பதிவகத்தில் கிடக்கும் என்று ஒருநாள் யாரோ சொன்னார்கள். இருநூறும் அதில் இருக்கும். மனுப் போட்டால் ஒரே ஒரு தடவை பார்க்கலாம், பார்த்த அன்றே அழித்துவிடுவார்கள். அவன் மனுப் போட்டான். எட்டாவது மாதம் கூப்பிட்டார்கள்.

பதிவகத்தில் இருந்தவள் ரஹ்மத் பீவி, அவன் பக்கத்து ஊர்க்காரி. "ஒக்காருங்க அண்ணாச்சி. கோட்டுக்கு முந்தி ஒம்பது படம். ஒண்ணு ஒண்ணா நகத்துதேன்."

முதல் படத்தில் இரண்டு வண்டியும் சமம். ஆவுடையப்பன் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்தாவது படத்தில் அது எழும்பியது, ஒன்பதாவதில் மறுபடி மிதிக்கு வந்திருந்தது.

"இந்தா! பாத்தியா தாயி, பாத்தியா!" அவன் திரையில் விரலை வைத்தான். எட்டு மாதச் சோறு அப்போதுதான் தொண்டையில் இறங்கியது போல் இருந்தது.

"பாத்தேன். ஆனா மத்த காலையும் பாருங்க."

அவள் படங்களைப் பின்னோக்கி நகர்த்தினாள். இரண்டாவது படம். சூசையின் கூண்டில் மிதி காலியாக இருந்தது. சூசையின் கால் அதற்குப் பக்கத்தில், தரையில், நிதானமாக ஊன்றியிருந்தது. முகம் ஆவுடையப்பன் வண்டியின் பக்கம் திரும்பியிருந்தது. மூன்றாவது படத்தில்தான் வால் ஆடியது. சறுக்கல் இல்லை. ஓட்டத்தில் காலை எடுத்தால் எந்த வண்டியும் அப்படித்தான் ஆடும்.

சூசைதான் முதலில் விட்டுக்கொடுத்திருக்கிறான். அந்த ஆட்டத்தைப் பார்த்துப் பதறி ஆவுடையப்பன் காலை எடுத்து, கொடுத்த இருக்கையை அவன் தலையிலேயே திருப்பிக் கட்டியிருக்கிறான். தலை குனிந்து போனவன் யாரிடம் என்ன சொல்லுவான்? சொன்னால்தான் யார் நம்புவார்கள்?

"முடிச்சிரலாமா அண்ணாச்சி? விதிப்படி ஒரே ஒரு படத்துக்கு முத்திரை போட்டுத் தருவோம். ஒரு கூண்டுப் படம். யாருது வேணும்?"

ஆவுடையப்பன் இரண்டு கூண்டுப் படங்களையும் மாறி மாறிப் பார்த்தான். கல்யாண வீட்டு குரூப் போட்டோ கைக்கு வந்ததும், மாப்பிள்ளையையும் பெண்ணையும் விட்டுவிட்டுத் தன் முகம் எங்கே என்று தேடுகிற மனிதக் கண், பல கோடி மைல் தாண்டி வந்தும் அதே கண்ணாகத்தான் இருந்தது.

"என்னுது" என்றான்.

ரஹ்மத் பீவி நிமிர்ந்து பார்க்கவில்லை. "பதினோரு வருசமா இங்க இருக்கேன். மத்தவன் படத்தக் கேட்டு இன்னும் ஒருத்தரும் வரல" என்று முத்திரையைக் குத்தினாள். ஆவுடையப்பன் கதவைத் தாண்டும்போது பின்னால் மூலப்பதிவு அழிகிற ஓசை மெல்லியதாகக் கேட்டது.

படம் சாப்பாட்டுக் கூடத்தில் கைமாறிக் கைமாறிப் போனது. மந்திரமூர்த்தி அதை இரண்டு தரம் பார்த்துவிட்டு எழுந்து நின்றான். "மன்னிச்சிரும் வே. வாயி கொழுத்துப் பேசிட்டேன். இங்க வாரும், நடுவுல ஒக்காரும்." இரண்டு பக்கமும் தள்ளி இடம் விட்டார்கள். நான்கு பேர் தங்கள் ஊறுகாயை அவன் தட்டில் வைத்தார்கள்.

"அந்தச் சூசைப் பயலப் பாரேன்" என்றான் மந்திரமூர்த்தி. "இவ்வளவு பெரிய காரியத்த வாங்கிட்டு, வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தான்? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

எல்லோரும் ஆவுடையப்பனைப் பார்த்தார்கள். அவன் சோற்றை வெகுநேரம் பிசைந்தான்.

"அவன் கொணம் அப்படி" என்றான். "நாம என்ன செய்ய?"